பதினொன்று புள்ளி ஒன்பது

ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்காமல், உடம்பில் ரத்தம் போதுமா போதாதா என்று சொல்லும் கருவிக்குத் 'துளி' என்று பெயர் வைத்தவர் கார்முகில். கம்பெனி அவருடையது, பெயர் வைக்கும் உரிமையும் அவருடையது. கருவியைச் செய்தவள் ஷாலின். துணி காயப்போடும் கிளிப்பைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். விரலை உள்ளே விட்டால் நகத்தின் மேலிருந்து நான்கு நிற வெளிச்சம் மாறி மாறிப் பாயும். விரலைக் கடந்து அந்தப் பக்கம் எட்டுகிற மிச்ச வெளிச்சத்தை அளந்து, எந்த நிறத்தை ரத்தம் எவ்வளவு குடித்தது என்று கணக்கிட்டு, ஹீமோகுளோபின் இவ்வளவு என்று சின்னத் திரை சொல்லிவிடும். கர்ப்பிணிக்குப் பதினொன்றும் அதற்கு மேலும் என்றால் பச்சை, குறைந்தால் மஞ்சள், ஏழுக்குக் கீழே போனால் சிவப்பு.

இந்த நான்கு வெளிச்சத்துக்காக ஷாலின் மூன்று வருஷம் உயிரைக் கொடுத்திருந்தாள். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு நுரை வெட்டும் ஒரு கம்பெனியின் மாடிதான் அவர்கள் இடம். கீழே நுரை வெட்டினால் மேலே தூசு வரும். தூசு விழுந்த லென்ஸ் எதற்கும் உதவாது. அதனால் மாடியில் கண்ணாடித் தடுப்பு போட்டு ஓர் அறையை மட்டும் தூசு புகாமல் வைத்திருந்தார்கள். அதன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். பவுடர் கூடாது, பூ கூடாது, நகச்சாயம் கூடாது, மருதாணி கூடாது. ஒருமுறை யாரோ ஒரு பெண் மருதாணியின் ஈரம் போகாத கையோடு உள்ளே வந்து, ஒரு தட்டு லென்ஸ் முழுக்கக் குப்பைக்குப் போயிற்று. அன்றே ஷாலின் அந்தத் தாளை எழுதி, தன் கையாலேயே ஒட்டினாள். அப்படி எழுதியதில் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவள் வீடு பெந்தெகொஸ்தே சபை வீடு. அப்பா யாகப்பன் சபையில் மூப்பர். அந்த வீட்டில் நகை கிடையாது, பூ கிடையாது, மருதாணி என்றால் அடுத்த வீட்டு வேலியில் நிற்கும் ஒரு செடி.

அந்த அறைக்குள் லென்ஸ் ஒட்டுகிறவர்களில் செந்தாமரையின் கைக்கு ஈடு கிடையாது. இருபத்து நாலு வயது. பிள்ளைப்பாக்கம் பக்கத்துப் பெண். கட்டிக்கொண்டது இளம்பரிதியை, அவன் ஒரு கார் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறான், சுங்குவார்சத்திரத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கடுகைவிடச் சின்ன லென்ஸை இடுக்கியால் எடுத்து, பசை வைத்து, மூச்சை அடக்கி உட்காரவைப்பாள். பத்துக்கு ஒன்றாவது வீணாகும் இடத்தில் இவளுக்கு நூற்றுக்கு ஒன்றுகூட வீணாகாது. வேலை முடிந்த ஒவ்வொரு கருவியின் அடியிலும் ஒட்டியவர் எழுத்து இருக்கும். இவளுடையது 'செ'. கம்பெனிக்குள் 'மேடம்' என்று கூப்பிடுவாள், கேட்டைத் தாண்டினால் 'அக்கா'. ஷாலினுக்குத் தங்கை இல்லை. அந்த 'அக்கா' அவளுக்குப் பிடித்திருந்தது.

செந்தாமரை முழுகாமல் இருந்தாள். ஆறாவது மாதம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒன்பது புள்ளி எட்டு. டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை விழுங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

"வாயெல்லாம் ஆணி சப்புன மாதிரியே கீதுக்கா. கொமட்டிக்கினு வருது."

"கொமட்டினாலும் போட்டுத்தான் ஆகணும். பிரசவத்துல ரத்தம் போகும், தெரியுமில்ல? உன்கிட்ட இருந்தாத்தானே போக முடியும்?"

"சரிக்கா, சரிக்கா, திட்டாத."

ஒன்பதாவது மாதம் தாய்வீட்டில் வளைகாப்பு. ஷாலினும் போனாள். பையில் ஒரு துளியையும் எடுத்துக்கொண்டு போனாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, பெருமைதான். செந்தாமரை மணையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் அரைத்து வைத்த மருதாணி, கன்றிப்போன சிவப்பாகப் பிடித்திருந்தது. நகம் பத்தும் பழுத்த மிளகாய் நிறம். மூன்று வருஷமாக வைக்காத ஆசையை ஒரே நாளில் தீர்த்துக்கொண்டது போலிருந்தது. கதவில் ஒட்டிய தாளின் புண்ணியம்.

"கம்பெனியில இதுங்க கையால மெசின் செய்யுதாமே, அத எடுத்துக் காட்டும்மா, பாப்போம்," என்றாள் செந்தாமரையின் அம்மா கங்கம்மாள். ஷாலின் எடுத்தாள். அடியில் 'செ' என்ற எழுத்து இருந்ததைப் பார்த்து செந்தாமரைக்கு முகம் மலர்ந்துபோயிற்று. வளையல் குலுங்க விரலை நீட்டினாள். பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பத்து நொடி. பதினொன்று புள்ளி ஒன்பது. பச்சை.

கூட்டம் கை தட்டியது. கங்கம்மாள் மகளின் கன்னத்தைத் தடவிய கையோடு கருவிக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். ஷாலினுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷம் கண்ணாடி அறைக்குள் பட்ட பாட்டுக்கு யாரும் இதுவரை பொட்டு வைத்ததில்லை.

"அப்போ மாத்திர வேலை செஞ்சிடுச்சாக்கா?"

"செஞ்சிருக்கு பாரு. இனிமே பயமில்ல," என்றாள் ஷாலின்.

இரண்டே வார்த்தை. கலெக்டர் கையெழுத்து மாதிரி அதை அந்த வீட்டில் பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

பதின்மூன்று நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, பிரவீனா லீவு முடிந்து வேலைக்கு வந்தாள். செந்தாமரையின் இடத்தில் இப்போது லென்ஸ் ஒட்டுகிறவள். அண்ணன் கல்யாணம் முடிந்து வந்திருந்தாள், கை நிறைய மருதாணி. கதவிலிருந்த தாள் அவளைத் தடுத்தது. சரி, வெளியே உட்கார்ந்து கடைசிப் பரிசோதனையைப் பார் என்று அனுப்பினார்கள். கடைசிப் பரிசோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பரிசோதிக்க உட்காருகிறவருக்கு முதலில் ஊசி போட்டு ரத்தம் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். பரிசோதிப்பவர் தன் விரலையே ஒவ்வொரு கருவியிலும் விட்டுப் பார்க்க வேண்டும். எண் ஒத்துவந்தால் அட்டைப் பெட்டி, வராவிட்டால் சிவப்புத் தட்டு. பிரவீனாவின் எண் பத்து புள்ளி ஆறு.

பதினொரு மணி டீக்குள் சிவப்புத் தட்டு நிறைந்து வழிந்தது. பத்தொன்பது கருவி. எல்லாம் பன்னிரண்டுக்கு மேலே காட்டின. ஷாலின் வந்து ஒட்டுகிற பெண்களைப் பிடிபிடியென்று பிடித்தாள். பசை பழசா, யார் தூங்கிக்கொண்டு ஒட்டியது, என்ன கவனத்தில் இருக்கிறீர்கள் என்று ஒருபாட்டம் தீர்த்துவிட்டு, சிவப்புத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் விரலில் மாட்டினாள். பன்னிரண்டு புள்ளி எட்டு. அவளுடைய எண்ணே அதுதான். இன்னொன்றை மாட்டினாள். அதே பன்னிரண்டு புள்ளி எட்டு. பத்தொன்பதும் நல்ல கருவிகள்.

"உன் கையக் குடு."

பிரவீனா பயந்துபோய் நீட்டினாள். சிவந்த நகம். ஷாலின் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையைத் திருப்பிக் கண்ணாடிக் கதவில் தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

துளிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் விரலை வாங்கியிருந்தார்கள். ஊசியால் எடுத்த எண் ஒரு பக்கம், வெளிச்சம் சொன்ன எண் மறுபக்கம், இரண்டையும் பொருத்திப் பொருத்தித்தான் கருவி பழகியது. யார் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்? சுற்று வட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் லைனில் நிற்கும் பெண்கள். அங்கேயும் கதவுக்குக் கதவு இதே தாள்தான். மிச்சம் பேர் நர்சிங் மாணவிகள். அவர்களுக்கு விடுதிச் சட்டம், ஒட்ட வெட்டிய நகம், வெறும் கை. ஆக, துளி பிறந்ததிலிருந்து ஒரு மருதாணி விரலைப் பார்த்ததே இல்லை. மருதாணிச் சிவப்பு குடித்த வெளிச்சத்தையும் ரத்தம் குடித்தது என்றே எடுத்துக்கொண்டது. அதன்மேல் என்ன தப்பு? பாவம், சொல்லிக் கொடுத்ததைச் சொன்னது. சொல்லிக் கொடுத்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்று மாலை அடுத்த வீட்டு வேலியில் ஒரு கைப்பிடி இலை பறித்து, அரைத்து, இடது கை ஆள்காட்டி விரலில் வைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வயதில் முதல் மருதாணி. அம்மா அன்னபுஷ்பம் பார்த்துவிட்டு, "இதென்னடி புது வேஷம்? அப்பா பாத்தா என்ன ஆவும்?" என்று கேட்டாள்.

"ஆபீஸ் வேலைம்மா."

"நல்லா வந்துச்சு ஆபீஸ்."

வியாழன் காலையில் வலது விரல் பன்னிரண்டு புள்ளி எட்டு, இடது விரல் பதினாலு புள்ளி ஆறு. ஒரே உடம்பு, ஒரே ரத்தம். ஷாலின் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பெரிய கணக்கு இல்லை. பதினொன்று புள்ளி ஒன்பதில் இரண்டு போனால் என்ன மிச்சம்? அதுவும் அன்றைக்கு. 'இனிமே பயமில்ல' என்று சொன்ன பிறகு செந்தாமரை மாத்திரையைத் தொட்டிருப்பாளா?

முதலில் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்புறம் ஞாபகம் வந்தது, செந்தாமரையின் போன் உடைந்துவிட்டது, தாய்வீட்டிலும் போன் இல்லை, இது புருஷன் போன். அவன் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஷிப்டு முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். அடுத்து கார்முகிலின் அறைக்குப் போனாள்.

கார்முகில் கெட்டவர் இல்லை. அதுதான் தொந்தரவு. கெட்டவராக இருந்தால் கத்திவிட்டு வெளியே வந்திருக்கலாம். பொறுமையாகக் கேட்டார். இரண்டு விரலையும் மாட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"வெளியில கிராமத்து நர்சுங்க கையில நூத்தறுபது மெசின் இருக்கு ஷாலின்."

"அதான் சார். எல்லா நர்சுக்கும் இன்னைக்கே ஒரு மெசேஜ் அனுப்பிடலாம். மருதாணி இருந்தா துளிய நம்பாதீங்க, ஊசி போட்டுப் பாருங்கன்னு. ரெண்டே வரி."

"அந்த ரெண்டு வரிய படிச்சதும் என்ன செய்வாங்கன்னு நெனைக்கிற? மெசினையே தூக்கி மூலையில போட்டுருவாங்க. மருதாணி இல்லாதவங்களுக்கும் டெஸ்ட் நின்னுடும். இது வர்றதுக்கு முன்னாடி அந்த ஊருங்கள்ல டெஸ்டே கெடையாது, உனக்கே தெரியும்."

"தப்பான டெஸ்டுக்கு டெஸ்டே இல்லாம இருக்கலாம் சார்."

"ஒரு விரல வெச்சு முடிவு பண்ண முடியாது. முப்பது பேர வெச்சுப் பாரு. ரிப்போர்ட் எழுது. கமிட்டி செவ்வாக்கிழமை. முறையா போவோம்."

முறை என்பது நல்ல சொல். யாரும் மறுத்துப் பேச முடியாத சொல். மெசேஜ் அனுப்பும் மென்பொருளிலும் ஒரு முறை இருந்தது, இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்தால்தான் போகும். அந்த முறையையும் ஷாலின்தான் கேட்டு வாங்கினாள், யாரும் அவசரப்பட்டுத் தப்பான செய்தி அனுப்பிவிடக் கூடாதே என்று. அவள் இரண்டு வரியை எழுதித் தன் ஒப்புதலைக் கொடுத்தாள். கார்முகில் பெயருக்கு எதிரே மஞ்சள் எழுத்தில் 'காத்திருக்கிறது' என்று வந்தது. மாலை வரை பத்து முறை பார்த்தாள். அது காத்துக்கொண்டே இருந்தது.

இரவுச் சாப்பாட்டு வேளையில் இளம்பரிதி கிடைத்தான். எல்லாம் சொன்னாள். அவனுக்குப் பாதி புரிந்தது.

"சனிக்கிழம கம்பல்சரி ஓவர்டைம்க்கா, லீவு குடுக்க மாட்டானுங்க. நாயித்துக்கெழம நா போயி பாக்கறேன். திங்கக்கெழம எப்படியும் டாக்டர்கிட்ட போற நாளுதான். நீதான் மெசின்ல பாத்து நல்லா கீதுன்னு சொன்னியாமே?"

"அந்த மெசின் தப்புன்னுதான் சொல்றேன்."

"நம்ம மெசினாக்கா?" என்றான் அவன், நம்பாமல்.

வெள்ளிக்கிழமை காலை லீவு போட்டுவிட்டு, டாக்சி பிடித்துக்கொண்டு ஷாலின் நேரே செந்தாமரையின் தாய்வீட்டுக்குப் போனாள். வழியில் வயலைப் பிளாட்டாக்கி நட்ட கல்லுக்கு நடுவே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. செந்தாமரை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்தது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது.

"மாத்திரை போடறியா?"

செந்தாமரை சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "நீ சொன்னன்னிக்கே நிறுத்திட்டேன். இப்பத்தான் வாய்க்கு ருசியா கீது."

ஷாலின் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சோற்றுக் கஞ்சி நிறம். "அம்மா, இங்க பாருங்க, எப்படி வெளுத்திருக்குன்னு," என்று கங்கம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அவ பொறந்ததே வெளுப்புதாம்மா. அவங்கப்பன் ஜாடை."

"வாசல்ல வண்டி நிக்குது. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் பாத்துட்டு ரெண்டு மணி நேரத்துல வந்துடலாம்."

"வளையல் அடுக்கி அழைச்சிகினு வந்த பொண்ணும்மா. வலி எடுத்தாத்தான் படி தாண்டணும். திங்கக்கெழம டாக்டரு வரச்சொன்ன நாளு, அன்னிக்கு நல்ல நேரம் பாத்து வெச்சிருக்கேன். நடுவுல இன்னா அவசரம்? நீதான நல்லா கீதுன்ன?"

"நான் சொன்னது தப்பு. மெசின் தப்பு. மருதாணியால தப்பா காட்டுது."

கங்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பூ இல்லாத தலை, வளையல் இல்லாத கை, வெறும் நெற்றி. "மருதாணி உடம்புக்குக் குளிர்ச்சிம்மா. உங்க வூட்டுல வெக்க மாட்டீங்க, அதுக்கோசரம் அதுமேல பழியப் போடாத," என்றாள். ஷாலின் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்ட நினைத்தாள். ஒரே ஒரு விரலில் மருதாணி வைத்துக்கொண்டு வந்தவளை இவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? கையை மடக்கிக்கொண்டாள்.

அந்தத் தெருவில் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் நர்ஸ் வாரம் இருமுறை வருவாள். அன்று வரும் நாள். எதற்கு வம்பு, அவளையே கேட்டுவிடுவோம் என்று கங்கம்மாள் அழைத்துவந்துவிட்டாள். நர்ஸ் பையைத் திறந்தாள். ஷாலினுக்கு உயிர் வந்தது, ஊசி எடுப்பாள் என்று. அவள் எடுத்தது துளி. ஸ்தாபனத்துக்குத் துளி வந்த மாதமே ஊசியும் ரத்தம் தொட்டுப் பார்க்கும் பட்டையும் வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம்.

செந்தாமரை கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "செ" என்றாள், கண் பளபளக்க. "நான் ஒட்டுனதுக்கா இது."

பதினொன்று புள்ளி ஆறு. பச்சை.

"நல்லா இருக்கே," என்றாள் நர்ஸ். "இவங்க ஏன் பயமுறுத்துறாங்க?"

"நான்தாங்க இந்த மெசினைச் செஞ்சவ."

"செஞ்சவங்களே தப்புங்கறீங்க. தப்புன்னா எங்களுக்கு மெசேஜ் வந்திருக்குமே?"

அந்த மெசேஜ் இன்னும் மஞ்சள் எழுத்தில் காத்துக்கொண்டிருந்தது. ஷாலின் கருவியைப் பிடுங்கிச் செந்தாமரையின் காது மடலில் மாட்டிப் பார்த்தாள், அங்கே மருதாணி இல்லையே. 'விரலை வைக்கவும்' என்று திரை சொன்னது. கால் விரலைப் பார்த்தாள். அங்கேயும் சிவப்பு. திரும்பக் காதில் மாட்டினாள். 'விரலை வைக்கவும்.' தெருப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஒருத்தி சிரித்தாள்.

"அக்கா, உக்காருக்கா," என்றாள் செந்தாமரை. "கம்பெனியில ஏதும் பிரச்சனையா? மூஞ்சே சரியில்ல. மூணு நாளு, திங்கக்கெழம நானே ஊசி போட்டுக் காட்டறேன். மாத்திரையும் இன்னைலேர்ந்து போடறேன், போதுமா?"

அவள் ஷாலினுக்கு எதிரிலேயே ஒரு மாத்திரையை விழுங்கிக் காட்டினாள், குழந்தை அடம்பிடித்தால் விட்டுக்கொடுப்பார்களே, அப்படி. டாக்சி செந்தாமரை இல்லாமலே திரும்பியது. வழியெல்லாம் ஷாலினுக்குத் தன்மேலேயே ஆத்திரம். கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டும் என்று தோன்றும். ஒன்பது மாதப் பிள்ளைத்தாய்ச்சியை எப்படி இழுப்பது என்று உடனே தோன்றும். ஒரு பொருளை இவ்வளவு நம்பும்படி செய்துவிட்டு, அதை நம்பாதே என்று சொல்ல அவளுக்கு ஒரு வழியும் இல்லை.

சனிக்கிழமை மஞ்சள் எழுத்து மாறவில்லை. இருந்த ஆட்களுக்கெல்லாம் மருதாணி வைத்து, ரிப்போர்ட்டுக்கு எண் சேர்த்தாள். நாற்பது வயது செக்யூரிட்டி கன்னியப்பன்கூட முனகிக்கொண்டே விரல் கொடுத்தார்.

ஞாயிறு ஆராதனைக்குப் போனாள். சபையில் போனை ஊமையாக்கிப் பைக்குள் போட்டுவிட வேண்டும், அப்பா மூப்பர் வேறு. முழங்காலில் நின்று திங்கட்கிழமைக்காக ஜெபித்தாள். கர்த்தாவே, ஒரே ஒரு நாள். வெளியே வந்து எடுத்துப் பார்த்தபோது இளம்பரிதியிடமிருந்து ஒன்பது அழைப்பு. முதலாவது காலை ஏழரை மணிக்கு. ஷாலின் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

இரண்டு வாரம் முன்னாடியே வலி எடுத்துவிட்டது. பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்துவிட்டது. அதற்கப்புறம் ரத்தம் நிற்கவில்லை. எவளுக்கும் கொஞ்சம் போகும், தாங்கிக்கொள்வார்கள். இவளிடம் தாங்குவதற்கு இருப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் எடுத்துப் பார்த்தபோது ஏழு புள்ளி ஒன்று. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், நிற்கவில்லை. மேலும் நாலு. கடைசியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினார்களாம். பெரிய டாக்டர் இளம்பரிதியிடம் கோபமாகக் கேட்டாராம், ஒன்பது மாசம் என்னய்யா பண்ணிங்க, ஒருத்தருமா பார்க்கல என்று. அவன் அப்படியே ஷாலினிடம் சொன்னான். அவனுக்கு அவள்மேல் கோபம் இல்லை. அழுது வீங்கிய முகத்தோடு, "காலைலேயே போட்டேன்கா, நீ எடுக்கவே இல்ல," என்று மட்டும் சொன்னான்.

திங்கட்கிழமை மதியம்தான் உள்ளே விட்டார்கள். செந்தாமரை வாடிய கீரைத் தண்டு மாதிரிக் கிடந்தாள். வளையலையெல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள். மூச்சும் நாடியும் பார்க்கிற கிளிப் ஒன்று விரலில் மாட்டியிருந்தது, பக்கத்துத் திரை விட்டுவிட்டுக் கத்தியது. படுக்கை விரிப்பு மாற்ற வந்த ஆயா அதைப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தாள்.

"யாரும்மா இத இங்க மாட்னது? மருதாணி வெரல்ல மாட்டாதீங்கன்னு புதுசா வர்ற புள்ளைங்களுக்கு எத்தினி வாட்டி சொல்றது?" கிளிப்பைக் கழற்றிக் காது மடலில் மாட்டினாள். கத்தல் நின்றது.

ஷாலின் அவள் பின்னாலேயே இரண்டடி போனாள். "அம்மா, மருதாணி இருந்தா சரியா காட்டாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதுக்கு இன்னா படிப்பா வோணும்? பதினெட்டு வருசமா பிரசவ வார்டுல கீறேன். வர்றவள்ல பாதிப் பேரு மருதாணியோடதான் வர்றா." ஆயா அழுக்கு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மூன்று வருஷம். முந்நூற்றுப் பன்னிரண்டு விரல். ஒரு நாள், ஒரே ஒரு நாள், எந்தப் பிரசவ வார்டுக்கும் வந்து நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லையே.

"அக்கா." செந்தாமரை கண்ணைத் திறந்திருந்தாள். குரல் காற்றாக வந்தது. "கொயந்தய பாத்தியா?"

"பாத்தேன். உன் ஜாடைதான்."

"இனிமே இவ ஒருத்திதானாம். அம்மா மறைக்குது. நர்சுங்க பேசிக்கினு இருந்தது காதுல வுழுந்துச்சு." கண்ணோரம் நீர் வழிந்து காதில் இருந்த கிளிப்பின் மேல் விழுந்தது. "நாந்தான்கா தப்பு பண்ணேன். மெசின்ல பாத்தப்போ ரத்தம் இருந்துகீது. அப்புறம் மாத்திரய வுட்டு நானே கெடுத்துக்கினேன். நீ வூடு தேடி வந்து சொன்ன, நான் கேக்கல."

"இல்ல செந்தாமர. அன்னைக்கே இல்ல. மெசின்தான் தப்பு. நான்தான் தப்பு." ஷாலின் அதை நிதானமாக, தெளிவாக, இரண்டு முறை சொன்னாள்.

செந்தாமரை தலையை ஆட்டினாள், நம்பாமல். "எனக்கு மனசு ஆறணும்னு சொல்ற. நம்ம மெசினக்கா அது. நானே ஒட்டுனது. நீயே வுட்டுக் குடுத்தா எப்படி?" மூச்சு வாங்கினாள். கை மெல்ல நகர்ந்து வந்து ஷாலினின் இடது கையைப் பிடித்தது. பிடித்த கை நின்றது. அந்த ஒற்றைச் சிவப்பு நகத்தைப் பார்த்து அவள் வெளுத்த முகத்தில் ஆச்சரியம் வந்தது.

"நீ கூடவாக்கா மருதாணி வெச்ச? எப்போ?"

ஷாலின் விரலை மடக்கப் பார்த்தாள்.

"நல்லா புடிச்சிருக்கு," என்றாள் செந்தாமரை. கட்டைவிரலால் அந்த நகத்தைத் தடவினாள். "எம் பொண்ணுக்குப் பேரு வெக்கறப்போ பத்து வெரல்லயும் வெச்சி வுடறேன்."

ஷாலின் அந்தக் கட்டிலில் தலை கவிழ்ந்து அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். ஏழு பாட்டில் ரத்தம் வாங்கிய கையால் செந்தாமரைதான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.